புதுப் பாட்டோடு அதன் கதையையும் சொல்ல வேண்டுமா?

குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பீடி சுற்றித் தன்னை வளர்த்த அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் வெளியீடு. "பாட்டோட கதையையும் வீடியோவுல பேசிப் போடுன்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க. போட்டா அனுதாபம் தேடுற மாதிரி ஆயிடுமோ? போடலன்னா, பேர் தெரியாதவன் பாட்டை யாரு கேப்பாங்க?" இதுதான் அவர் கேள்வி. எழுதி வைத்திருக்கும் அறிமுகத்தையும் கூடவே போட்டிருக்கிறார். கடைசியில், போகிற போக்கில் இன்னொரு வரி: "அம்மாகிட்ட இன்னும் காட்டல." பார்த்தால் விளம்பரம் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை. கதை பாட்டுக்குத் துணையா சுமையா என்பது ஒன்று. அந்தக் கதை யாருடையது என்பது இன்னொன்று. இரண்டாவதைத் தீர்க்காமல் முதலாவதற்குப் பதில் இல்லை. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன், தம்பி.

என்னைப் பற்றி நாலு வார்த்தை. வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். இருபது வருடம் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் லைட் மியூசிக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தேன். ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு, டிசம்பருக்குக் கிறிஸ்தவ ஆல்பம், தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு என்று ஓடிய கூடம் இது. கடந்த ஏழெட்டு வருடமாக உங்களைப் போன்ற பிள்ளைகள் சொந்தப் பாட்டோடு வருகிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாலாஜா, ஆற்காடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும். எனக்குத் தெரிந்தது பதிவு வேலையும், பாட்டோடு வருகிற மனிதர்களும்தான். விளம்பரம் என் தொழில் இல்லை. சட்டம் படித்தவனும் இல்லை. அந்த அளவுக்குள் நின்று சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது இது: கதை தெரியாதவர் காதிலும் பாட்டு முழுசாக நிற்க வேண்டும். காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறவர் உங்கள் அறிமுகத்தைப் படித்திருக்க மாட்டார். முந்தைய பாட்டு முடிந்து உங்கள் பாட்டு தானாக வரும், பிடிக்கவில்லையென்றால் விரலால் தள்ளிவிடுவார். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகவே கணக்கு. அந்த 30 வினாடியில் உங்களுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. அதனால் கதையைப் பற்றி யோசிப்பதற்கு முன், உங்களையும் அம்மாவையும் தெரியாத இரண்டு பேரிடம் பாட்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள். "எதைப் பத்தின பாட்டு?" என்று கேளுங்கள். "யாரோ ராத்திரி கண் முழிச்சு வேலை செய்றாங்க" என்கிற அளவுக்காவது பதில் வந்தால் போதும். "ஏதோ லவ் ஃபெயிலியர்" என்று வந்தால் திருத்த வேண்டியது பாட்டைத்தான். பாட்டின் ஓட்டையைக் கதையால் அடைக்கப் பார்த்த பலரை என் கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் அது அடைபடவில்லை.

பாட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கதை சொல்வது தவறா என்றால், நம் ஊரில் பிறந்தவர் அந்தக் கூச்சம் படவே வேண்டியதில்லை. கதை சொல்லிப் பாடுவது இந்த மண்ணில் புதிதாக முளைத்த பழக்கம் இல்லை. பாலாற்றுக்கு அந்தக் கரையில் காங்கேயநல்லூர் இருக்கிறதே, 1906-ல் கிருபானந்த வாரியார் பிறந்த ஊர். சிறுவனாக அவர் பேசிக் கேட்டிருக்கிறேன். கதையை நடத்திக்கொண்டே வருவார். கேட்கிறவர் மனம் கனிந்து நிற்கும் இடம் பார்த்துச் சட்டென்று ஒரு திருப்புகழைப் பாடுவார். அந்தப் பாட்டுக்கு அங்கே விளக்கம் தேவைப்படாது. கதை பாட்டின் வாசல் வரைக்கும் கூட்டி வந்துவிட்டிருக்கும். உள்ளே நாமே போய்விடுவோம்.

கூத்தைப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் ராத்திரிக் கூத்து பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். வேடக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். கிரீடத்தின் உச்சி மட்டும் மேலே தெரியும். கட்டியக்காரன் வந்து யார், எந்த ஊர், என்ன சங்கதியாக வந்தீர் என்று கேட்பான். பதிலில் பேர் வரும், குலம் வரும், இன்றைக்கு எதற்காக வந்தார் என்பது வரும். அவ்வளவோடு திரை விலகிவிடும். துரியோதனன் படுகளத்தில் எப்படி விழப்போகிறான் என்று திரைக்குப் பின்னால் நின்று யாரும் சொல்வதில்லை, ஊருக்கே அது தெரிந்திருந்தாலும். பாட்டின் பின்கதையை எவ்வளவு சொல்வது என்று என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இந்தத் திரைதான். பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லலாம். பாட்டு என்ன சொல்கிறது என்பதையும், கேட்பவர் எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதையும் சொல்லக் கூடாது. அனுதாபம் தேடுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்களே, அது ஆவது அந்த இடத்தில்தான். கஷ்டத்தைச் சொல்வதால் அது வருவதில்லை. கேட்பவர் மனதில் தானாக வர வேண்டியதை நாமே முந்திக்கொண்டு கேட்கும்போது வருகிறது.

இக்காலத்து உதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அரக்கோணத்துக்காரரான பாடகர் அறிவு 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தபோது தன் பாட்டி வள்ளியம்மாளைப் பற்றிப் பேசினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர், சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர். கதை தெரியாமல் அந்தப் பாட்டுக்கு ஆடிய பிள்ளைகள் எத்தனையோ பேர். தெரிந்த பிறகு திரும்பக் கேட்டவர்களும் எத்தனையோ பேர். பாட்டு முதலில் தன் காலில் நின்றது, கதை அதை இன்னும் ஆழமாக்கியது. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறு. பாட்டி பேர் பாட்டிலேயே இருக்கிறது, வீடியோவில் பாட்டியே உட்கார்ந்திருக்கிறார். யாருடைய கதையோ அவர் அங்கே இருந்தார்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எல்லாம் வீண்.

சில வருடங்களுக்கு முன் ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். அப்பாவின் கையைப் பற்றி ஒரு பாட்டு. நல்ல பாட்டு, இன்றைக்கும் அதன் பல்லவி எனக்கு மனப்பாடம். "இதோட கதையையும் பேசிப் போடு, அதுதான் ஜனங்க மனசுல ஒட்டும்" என்று சொன்னவன் நான்தான். என் மைக்கில், என் கூடத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு நாலு நிமிடம் பேசினான். சின்ன வயதில் அப்பா சோறு பிசைந்து ஊட்ட வரும்போது, அந்தக் கையில் தோல் வாடை வருகிறது என்று வாயை மூடிக்கொள்வானாம். வயிறு வலிக்கிறது என்று பொய் சொல்லிவிடுவானாம். பேசும்போதே அழுதான். நானும் அழுதேன். அடுத்த நாளே போட்டோம். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. ஒரு வாரம் கழித்து அவன் அப்பா என் கூடத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "என் கையில சோறு வாங்காம இருந்தது அதுக்குத்தான்னு எனக்கே தெரியாது சார். இன்னாவோ வயித்து வலின்னுதான் இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேன். அத நான் செல்லுல பாத்தா தெரிஞ்சிக்கணும்?"

வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டோம். அந்தப் பையன் அதற்குப் பிறகு இரண்டு வருடம் பாடவில்லை. பாட்டில் அந்தப் பெரியவரைக் காயப்படுத்த ஒன்றுமே இல்லை. காயப்படுத்தியது கதை. சொல்லச் சொன்னவன் நான். அவரிடம் கேட்டாயா என்று ஒரு வார்த்தை அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து என் கூடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கதையில் வருகிற ஆளிடம் அதை நேரில் சொல்லிவிட்டு வராமல் யாரும் கதை பேசிப் பதிவு செய்ய முடியாது. ஊருக்குச் சொல்லப்போவதில் அவருக்கே புதிதாக ஏதாவது இருந்தால், அதை முதலில் அவர்தான் கேட்க வேண்டும், உங்கள் வாயால், வீட்டில்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கு என்று பேசப்படும் தீர்ப்பில், ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்க விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொது ஆவணங்களில் ஏற்கெனவே இருப்பதற்கு விலக்கு உண்டு. மகன் தாயைப் பற்றிச் சொல்வதில் வழக்கு, வாய்தா என்று யாரும் போகப்போவதில்லை. ஆனால் கதையில் அம்மாவைத் தவிர வேறு ஆட்கள் வந்தால், உதாரணத்துக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்த ஏஜென்ட், பணம் தராமல் போன உறவுக்காரர் என்று யாராவது வந்தால், பேர் சொல்லாதீர்கள், அடையாளமும் காட்டாதீர்கள். அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். அது என் எல்லைக்கு அப்பால்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது? "போடலாமாம்மா?" என்று கேட்டால் "உன் இஷ்டம்பா" என்றுதான் வரும். நம் வீட்டுப் பெண்கள் பிள்ளை ஆசைக்குக் குறுக்கே நிற்க மாட்டார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். ஒன்றும் பேசாமல் இருங்கள். பிறகு ஒரு நாள், நீங்கள் சொல்லப்போவதை எழுதிய தாளை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துக் காட்டி, "இதுல எது வேணாம்மா?" என்று கேளுங்கள். "வேணாம்" என்று சொல்ல இடம் கொடுத்தால்தான் "சரி" என்பதற்கு அர்த்தம் உண்டு. பேர் வரலாமா, முகம் வரலாமா, வீடு தெரியலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இன்னொன்று, அம்மா இன்னமும் பீடி சுற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கம்பெனி பேரோ, இலையும் தூளும் கொடுக்கிற ஆளோ, ஆயிரத்துக்கு இவ்வளவுதான் கொடுக்கிறார்கள் என்கிற கணக்கோ வீடியோவில் வந்தால், நாளைக்கு இலை வாங்கப் போய் நிற்கப்போவது அம்மாதான். அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

அவர் வேண்டாம் என்றால்? பாட்டை வெளியிடுங்கள், கதையை விட்டுவிடுங்கள். பாட்டே வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்பதில் எனக்குத் தீர்மானமான பதில் இல்லை. ஒருவர் பத்து வருடம் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் 'அம்மா' என்கிற சொல்லையே எடுத்துவிட்டு, வேலை செய்யும் ஒரு பெண்ணின் பாட்டாக மாற்றினார். அது முன்பைவிட நன்றாக வந்தது. ஆனால் அதை விதி என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நீங்கள் எழுதி வைத்திருக்கும் அறிமுகம். "வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்தபோதும் தன் பிள்ளைக்காக மெழுகுவர்த்தியாய் உருகிய ஒரு தாயின் தியாகக் கண்ணீரே இந்தப் பாடல்" என்று தொடங்குகிறது. தம்பி, இது உங்கள் அம்மா இல்லை. யார் வீட்டு அம்மாவுக்கும் இதை ஒட்டலாம், அதனால் யாருக்கும் ஒட்டாது. ஆனால் கேள்விக்குள்ளேயே சாதாரணமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பீடி சுத்தும்போது கேக்குற கத்தரிச் சத்தத்தத்தான் தாளமா வச்சிருக்கேன்." உங்கள் கதை முழுக்க அங்கே இருக்கிறது. அதிலும் ஒரு திருத்தம் உண்டு. நான் வளர்ந்த தெருவில் பாதி வீடுகளில் பீடி சுற்றினார்கள், அதனால் சொல்கிறேன். பீடி சுற்றும்போது சத்தமே வராது. மடியில் முறம், முறத்தில் தூள், இலையை உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றினால் முடிந்தது. பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைகூட முழிக்காது. கத்தரிச் சத்தம் இலை வெட்டும்போது வருவது. நனைத்த இலையின் மேல் அளவுத் தகட்டை வைத்து, சுற்றி ஓட்டி வெட்டுவார்கள். எங்கள் தெருவில் பெரும்பாலும் எல்லோரும் படுத்த பிறகுதான் இலை வெட்டுவார்கள். வெட்டியதை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுக் காலையில் சுற்ற உட்காருவார்கள். அப்படியென்றால் உங்கள் காதில் இருக்கிற சத்தம் ராத்திரிச் சத்தம், நீங்கள் தூக்கத்தில் கேட்ட சத்தம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று. பொருந்தினால், நான் இவ்வளவுதான் எழுதுவேன்: "சின்ன வயசுல நான் தூங்குனது எங்கம்மா பீடி இலை வெட்டுற சத்தத்துலதான். இந்தப் பாட்டுல தாளமா கேக்குறது அவங்க கத்தரி." வறுமை, தியாகம், கண்ணீர் ஒன்றும் வேண்டாம். படிக்கிறவருக்கு அவரவர் வீட்டு ராத்திரிச் சத்தம் ஒன்று ஞாபகம் வரும். பாட்டைத் தட்டுவார்கள்.

எங்கே போடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூடியூப் விளக்கத்தில் 'மேலும்' என்று மடங்குவதற்கு முன் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும். அந்த இரண்டு வாக்கியங்கள் அங்கே முதலில் வரட்டும், சந்தா இணைப்புகள் கீழே போகட்டும். ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அவர்களுடைய ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்பலாம். அதில் பாட்டைப் பற்றிச் சொல்ல 500 எழுத்துக்குறிகள்தான் இடம், அங்கேயும் இதே இரண்டு வாக்கியம் போதும். பணம் வரும் என்று இப்போதைக்கு நினைக்க வேண்டாம். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அங்கே ராயல்டியே கணக்காகும். தாலாட்டு வரி ஒன்றை அம்மா பாடிக் கொடுத்தார் என்கிறீர்கள். பாடியவர் பட்டியலில் அவர் பேரையும் சேருங்கள், அவர் சரி என்றால். நண்பர் கிதார் வாசித்திருந்தால் அவருக்கு என்ன பங்கு என்று இப்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு நிற்காது.

வெளியீட்டுக்கு முன் கதை சொல்வதா, பின்னால் சொல்வதா என்று கேட்டால், இங்கே எனக்கு உறுதி இல்லை. என் மனம் பின்னால் என்றே சொல்கிறது. பாட்டு பத்து நாள் தனியாக ஊர் சுற்றட்டும், கேட்டவர்கள் "இது யாரு, எங்க இருந்து?" என்று கேட்கட்டும், அப்போது சொன்னால் கேட்டதற்குப் பதில் சொல்வதாக இருக்கும். ஆனால் பேர் தெரியாத புதியவருக்கு அந்தக் கேள்வியே வராமல் போகலாம் என்கிற உங்கள் நண்பர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. முன்னால் சொன்னவர்களும் நன்றாகப் போனார்கள், பின்னால் சொன்னவர்களும் போனார்கள், இரண்டும் செய்து போகாதவர்களும் உண்டு. நான் பார்த்தது ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளை மட்டும். அதை வைத்து இதுதான் வழி என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஒரு தொழில் வேலை பாக்கி. கத்தரிச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் இருக்கும் சாம்பிளில் இருந்து எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அம்மா இலை வெட்டும்போது செல்போனை இரண்டடி தள்ளி ஒரு துணி மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். எக்கோ, ரிவெர்ப் எதுவும் போட வேண்டாம். அந்தச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஈர இலையில் கத்தரி ஓடும்போது வருகிற இழுவை, காய்ந்த தாளை வெட்டிய சாம்பிளில் வராது. தாளம் கொஞ்சம் முன்னே பின்னே போகும், அதைக் கம்ப்யூட்டரின் தாளக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்காதீர்கள். பாட்டை அதற்கேற்றபடி பாடுங்கள். பதிவு செய்ய உட்காரும்போது எதற்கு என்று அம்மா கேட்பார். அப்போது பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.